1971-இல் கடற்படையில் இருந்த அப்பாவிடம் எதைக் கேட்பது?

பொருநைக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் தந்தை 1967-இல் இந்தியக் கடற்படையில் மாலுமியாகச் சேர்ந்து, ஜாம்நகரில் உள்ள ஐ.என்.எஸ். வல்சுராவில் மின்பிரிவுப் பயிற்சி பெற்று, ஓய்வூதியத்துக்குரிய பதினைந்து ஆண்டுப் பணியை முடித்துக்கொண்டு 1982-இல் திருநெல்வேலிக்குத் திரும்பியவர். இப்போது எண்பதை நெருங்குகிறார். நினைவு தெளிவாக இருக்கிறது. ஆனால் கடற்படையைப் பற்றி நாங்கள் எதைக் கேட்டாலும், "போனோம், இருந்தோம், வந்தோம்" என்று சொல்லி முடித்துவிடுவார். அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பூர்வி ஸ்டார் என்ற பதக்கத்தின் பெயர் இருக்கிறது. 1971 இந்திய-பாகிஸ்தான் போரின்போது எந்தக் கப்பலில் இருந்தார் என்பதைக்கூட அவர் எங்களிடம் சொன்னதில்லை.

அம்மாவுக்கும் அவருக்கும் 1970 ஆவணியில் திருமணம் நடந்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதியை அம்மா தாத்தா வீட்டில் கழித்திருக்கிறார். அப்போது அப்பா எழுதிய இன்லண்ட் கடிதங்கள் ஒரு கட்டாக டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. "நாங்கள் போன பிறகு படித்துக்கொள்" என்று அம்மா சொல்கிறார். அந்தக் கட்டை அவருடைய விருப்பமில்லாமல் பிரிக்க எனக்கு மனமில்லை.

என் பிள்ளைகளுக்காக இந்த இருவரின் இளமைக் காலத்தை எழுதி வைக்க விரும்புகிறேன். போரைப் பற்றிய செய்திகள் புத்தகங்களில் கிடைக்கின்றன. புதிதாகத் திருமணமான ஒரு மாலுமியும் அவருடைய மனைவியும் அந்த ஆண்டுகளை எப்படிக் கழித்தார்கள் என்பது எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் கடற்படையில் இருந்தவர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் இங்கே இருந்தால், உங்கள் அனுபவத்தையும், அப்பாவிடம் எதைக் கேட்டால் அவர் பேசுவார் என்பதையும் தயவுசெய்து சொல்லுங்கள்.


பாய்லர் ரூம் (பதில்):

மகளே, உங்கள் தந்தையின் பதக்கமே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. 1971 போரில் கிழக்குப் பகுதியில் பணியாற்றியவர்களுக்குப் பூர்வி ஸ்டாரும், மேற்குப் பகுதியில் இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டாரும் வழங்கப்பட்டன. ஆகவே அவர் வங்காள விரிகுடாப் பக்கம் இருந்திருக்கிறார். நானும் அங்கேதான் இருந்தேன். விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலின் கொதிகலன் அறையில் ஸ்டோக்கராக வேலை பார்த்தேன். நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன்.

என் திருமணம் நடந்ததற்கே அந்தக் கப்பலின் கொதிகலன்தான் காரணம் என்று சொல்ல வேண்டும். 1970 ஜூனில் விக்ராந்தைப் பம்பாய்க் கடற்படைத் தளத்தில் சோதித்தபோது, கொதிகலன்களின் நீர்க்கலங்களில் விரிசல்கள் இருப்பது தெரிந்தது. வெல்டிங் செய்து சரிப்படுத்தக்கூடிய விரிசல்கள் அல்ல அவை. மாற்றுக் கலங்களைப் பிரிட்டனிலிருந்துதான் வரவழைக்க வேண்டியிருந்ததால், மறு உத்தரவு வரும்வரை கொதிகலன்களை எரிக்கக் கூடாது என்று தலைமையகம் சொல்லிவிட்டது. கப்பல் மாதக்கணக்கில் கரையோடு கட்டிக் கிடந்தது. அந்த இடைவெளியில்தான் எனக்கு நீண்ட விடுப்பு கிடைத்து, 1971 தை மாதம் ஊரில் திருமணம் நடந்தது. நாகர்கோவிலுக்கு அப்போது ரயில் கிடையாது, 1979-இல்தான் வந்தது. பம்பாயிலிருந்து மெயிலில் சென்னைக்கு வந்து, சென்ட்ரலிலிருந்து எழும்பூருக்கு மாறி, மீட்டர்கேஜ் ரயிலில் திருநெல்வேலி சேர்ந்து, அங்கிருந்து பேருந்தில் ஊருக்குப் போவதிலேயே விடுப்பின் ஒரு பகுதி கரைந்துவிடும். திரும்பவும் அதே வழிதான். மாசி பிறப்பதற்குள் நான் கப்பலுக்குத் திரும்பிவிட்டேன். மார்ச் தொடக்கத்தில் கொதிகலன்களைக் குறைந்த அழுத்தத்தில் மறுபடி எரியூட்டினோம். ஜூலை இறுதியில் கப்பல் கிழக்குக் கடற்கரைக்கு வந்தது. என் மனைவியின் முகம் எனக்குச் சரியாகப் பழகும் முன்பே நான் வேறு கடலுக்குப் போய்விட்டேன்.

கொதிகலன் அறையில் நான்கு மணி நேரம் ஒரு வாட்ச், அதாவது ஒரு பணிமுறை. இரவு பன்னிரண்டு முதல் நான்கு வரை உள்ள மிடில் வாட்ச்தான் கடினமானது. கீழே இறங்கும் ஏணியின் கைப்பிடிக் கம்பி சுடும் என்பதால் கையில் காட்டன் வேஸ்ட்டைச் சுற்றிக்கொண்டு இறங்குவோம். நீர்மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயில் ஒருவருடைய கண் எப்போதும் இருந்தாக வேண்டும். நீர் குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு. விரிசல் கண்ட கலங்களோடு போர்க்கடலுக்குப் போகிறோம் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். நீராவி அழுத்தத்துக்கு வரம்பு வைத்திருந்ததால் கப்பலின் வேகமும் குறைந்துவிட்டது. விமானத்தை ஏவும் கவண்பொறிக்கும் அதே நீராவிதான் வேண்டும், தளத்தின் மேல் போதிய எதிர்காற்று கிடைக்கக் கப்பலும் வேகமாக ஓட வேண்டும். அந்தப் பொறுப்பு எங்கள் தோளில் இருந்தது. டிசம்பர் 4 அன்று கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரைத் தாக்க சீ ஹாக் விமானங்கள் தளத்திலிருந்து கிளம்பியபோது நாங்கள் எதையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு விமானம் ஏவப்படும்போதும் தலைக்கு மேல் கேட்ட அதிர்வையும், அழுத்தமானியில் முள் இறங்கி ஏறுவதையும் வைத்துத்தான் போர் நடப்பதை அறிந்தோம்.

இப்போது உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். நவம்பரில் எங்கள் கப்பல் அந்தமானில் போர்ட் கார்ன்வாலிஸ் என்ற ஒதுக்கமான இடத்தில் போய் நின்றது. எங்கே இருக்கிறோம் என்று எழுதக் கூடாது. எழுதினாலும் அனுப்ப வழியில்லை. பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி எங்களைத் தேடி வருகிறது என்பதால், விக்ராந்த் விசாகப்பட்டினத்துக்கு அருகிலேயே இருப்பதாக எதிரியை நம்பவைக்கக் கிழக்குக் கடற்படைக் கட்டளைத் தலைவர் வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் ஏற்பாடு செய்தார். நாகர்கோவிலில் பிறந்த எங்கள் மண்ணின் மனிதர் அவர். ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பல் விக்ராந்தைப் போல நடித்தது. விசாகப்பட்டினத்தில் பெரிய கப்பலுக்கு வேண்டிய அளவுக்கு உணவுப் பொருள்களுக்கு ஆணை கொடுக்கப்பட்டது. அவற்றோடு, விக்ராந்தின் மாலுமி ஒருவர் உடல்நலமில்லாத தன் தாயைப் பற்றி விசாரிப்பது போன்ற தனிப்பட்ட தந்தி ஒன்றையும் ரகசியக் குறியீடு இல்லாமல் வானொலியில் அனுப்பினார்கள். எதிரி அதை ஒட்டுக்கேட்க வேண்டும் என்பதற்காகவே அனுப்பியது. டிசம்பர் 3-ஆம் தேதி நள்ளிரவையொட்டி காஜி விசாகப்பட்டினத்துக்கு வெளியே தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது. ராஜ்புத் வீசிய ஆழ்வெடிகளால் மூழ்கியது என்பது நம் கடற்படையின் நிலைப்பாடு. உள்வெடிப்பாலோ தன் கண்ணிவெடியாலோ மூழ்கியது என்று பாகிஸ்தான் தரப்பு சொல்கிறது.

அந்தத் தந்தியைப் பற்றிப் பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அப்போது என் நெஞ்சில் தைத்தது வேறொரு விஷயம். என் மூத்த மகன் அந்த நவம்பரில் பிறந்தான். மாமனார் தந்தி அடித்திருக்கிறார். அது எனக்குக் கிடைக்கவில்லை. போர் முடிந்து கப்பல் துறைமுகம் சேர்ந்து, தேங்கியிருந்த தபால் பைகள் வந்தபோது, என் மனைவியின் கடிதத்தில் "குழந்தை இப்போது விரலைப் பிடித்துக்கொள்கிறான்" என்று எழுதியிருந்தது. குழந்தை பிறந்துவிட்டதை அப்படித்தான் அறிந்தேன். பிறந்த செய்தியைச் சொன்ன முந்தைய கடிதம் பைக்குள் அதற்குப் பின்னால் இருந்தது. அந்த ஆண்டில் வங்காள விரிகுடாவில் இருந்தவர்கள் பலருக்கு இப்படி ஒரு கடிதம் உண்டு. வாயைத் திறந்தால் அதுதான் முதலில் வரும் என்பதால் பேசாமல் இருப்பவர்களை நான் அறிவேன்.

உங்கள் தந்தையிடம் "போரில் என்ன செய்தீர்கள்" என்று கேட்காதீர்கள். பெரிய கேள்விக்குப் பெரிய பதில் வேண்டுமே என்று அவர் தயங்குவார். "உங்களுக்கு எந்த வாட்ச்? எந்த அறையில் நின்றீர்கள்? அந்த இயந்திரம் பழுதானால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?" என்று கேளுங்கள். வேலையைப் பற்றிக் கேட்டால் மாலுமி பேசுவான்.


கொலாபா அம்மா (பதில்):

தங்கச்சி, என் கணவரும் கடற்படைக்காரர்தான். மேற்குப் பிரிவில், ஃப்ரிகேட் வகைப் போர்க்கப்பல் ஒன்றில் கன்னராக, அதாவது பீரங்கிப் பிரிவில் இருந்தார். அவர் காலமாகிவிட்டார். மேலே ஐயா கப்பலுக்குள் நடந்ததை எழுதியிருக்கிறார். கரையில் இருந்தவர்களின் பக்கத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் அம்மாவிடம் கேட்க வேண்டியவை அப்பாவிடம் கேட்க வேண்டியவற்றைவிட அதிகம் என்பது என் எண்ணம்.

எனக்கு 1969-இல் திருமணம். அவர் விடுப்பு முடிந்து போனதும் மாமியார் வீட்டில் இருந்தேன். கடிதம் வரும். மேலுறையில் கப்பலின் பெயரும் ஃப்ளீட் மெயில் ஆபீஸ் முகவரியும்தான் இருக்கும், எந்த ஊர்க் கடலில் இருக்கிறார் என்பது இருக்காது. மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே கடிதம் வந்தால் முற்றத்தில் உட்கார்ந்து எல்லாருக்கும் கேட்கும்படி நான்தான் வாசிக்க வேண்டும். மகன் எழுதிய கடிதத்தைக் கேட்கும் உரிமை அந்தத் தாய்க்கு இருந்தது, அதில் எனக்கு மனத்தாங்கல் கிடையாது. ஆனால் புதிதாகத் திருமணமான இருவர் தங்களுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டியது எதுவும் அந்தத் தாளில் வர முடியாது என்பதும் உண்மை. அதனால் நாங்கள் இருவரும் சில வாக்கியங்களுக்குள் வேறு பொருளை வைத்துக்கொண்டோம். "ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது பற்றி எழுதுங்கள்" என்று நான் எழுதினால், என்னைச் சீக்கிரம் பம்பாய்க்கு அழைத்துக்கொள்ளுங்கள் என்று பொருள். "ரேஷன் ஆபீசில் இன்னும் பதில் வரவில்லை" என்று அவர் எழுதினால், தங்க இடம் கிடைக்கவில்லை என்று பொருள். உங்கள் அம்மா அந்தக் கட்டைப் பிரிக்க மறுப்பதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம். வெளியாருக்குச் சாதாரணமாகத் தெரியும் வரிகளில் அவர்கள் மட்டும் அறிந்தது இருக்கும். அதை விளக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

கடிதங்களுக்கு எண் போட்டு எழுதும் பழக்கம் கடற்படைக் குடும்பங்கள் பலவற்றில் இருந்தது. கப்பல் துறைமுகம் வரும்போது பல வாரக் கடிதங்கள் ஒரே பையில் வந்து சேரும். எண் இருந்தால்தான் காய்ச்சல் வந்ததை முதலிலும் குணமானதைப் பிறகும் படிக்க முடியும்.

பணம் ஃபேமிலி அலாட்மென்ட் என்ற பெயரில் மாதாமாதம் அவருடைய சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்டு மணியார்டராக வந்தது. முதலில் மாமனார் பெயருக்கு வந்தது. பிறகு என் பெயருக்கு மாற்றினார். தபால்காரர் முதல் முறையாக என் பெயரைக் கூப்பிட்டு, என்னிடம் கையெழுத்து வாங்கிப் பணத்தை எண்ணிக் கொடுத்த அன்று வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அடுத்த மாதமே நான் அந்தப் பணத்தை அப்படியே மாமனாரிடம் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் வீடு பழைய நிலைக்கு வந்தது. தூரத்தில் இருக்கும் கணவர் அன்போடு செய்த ஒன்று, அருகில் இருப்பவர்களோடு வாழும் மனைவிக்கு எப்படி வந்து சேரும் என்பதைக் கப்பலில் இருந்தவர்களால் அறிய முடியாது. அவர்களைக் குறை சொல்லவில்லை. அந்த வாழ்க்கையின் அமைப்பு அப்படி.

1971 நடுவில் பம்பாய் வந்தேன். குவார்ட்டர்சுக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருந்ததால், கொலாபா நேவி நகரில் ஒதுக்கீடு பெற்றிருந்த ஒரு கேரளக் குடும்பத்தோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டோம். அந்த வீட்டுப் பெண்ணைச் சேச்சி என்றுதான் கூப்பிடுவேன். சேச்சியின் கணவர் கரையில் இருந்தால் என் கணவர் கடலில் இருப்பார். இருவரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் நானும் அவரும் ஸயானில் உறவினர் வீட்டுக்குப் போய்விடுவோம். இந்தி தெரியாமல் வந்த எனக்கு ஆரே பால் சாவடியில் அட்டையை நீட்டுவதிலிருந்து பஸ் எண்ணைத் தேவநாகரியில் படிப்பதுவரை சொல்லிக்கொடுத்தவர் சேச்சிதான். தென்னிந்தியர்களுக்கு எதிரான பேச்சு நகரத்தில் இருந்த ஆண்டுகள் அவை. நேவி நகருக்குள் அது நுழையவே இல்லை. பக்கத்து வீட்டு மராட்டியப் பெண்மணி என் தலைப்பிரசவத்துக்கு கடற்படையின் அசுவினி மருத்துவமனைக்குக் கூடவே வந்து இரவு முழுவதும் வாசலில் உட்கார்ந்திருந்தார். என் கணவர் கடலில் இருந்தார், என் தாய் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தார், அந்த அம்மாவுக்கும் எனக்கும் பொதுவான மொழி ஒன்றுகூட இல்லை.

டிசம்பரில் பம்பாயில் இருட்டடிப்பு. சன்னல் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டி, விளக்கைச் சுற்றி அட்டை கட்டி, அதன் கீழே குழந்தைக்குப் பால் காய்ச்சுவோம். 4-ஆம் தேதி இரவு நம் ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கின என்று ஆகாசவாணியில் கேட்டபோது எல்லாப் பெண்களும் மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சி ஒரு வாரம் நிலைக்கவில்லை. 9-ஆம் தேதி இரவு டையூவுக்கு அப்பால் நம் போர்க்கப்பல் குக்ரி மூழ்கியது. கேப்டன் மஹேந்திர நாத் முல்லாவும் அவரோடு சேர்த்து 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். எங்களுக்கு எண்ணிக்கை பின்னால்தான் தெரிந்தது. முதலில் வந்தது ஒரு கப்பல் போய்விட்டது என்ற பேச்சு மட்டுமே. எந்தக் கப்பல் என்று தெரியாமல் அந்த ஒரு பகலை நாங்கள் கழித்தோம். குக்ரி, கிர்பான், குதார் மூன்றும் ஒரே வகைக் கப்பல்கள், பெயர்களும் ஒன்றுபோல ஒலிக்கும். ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். எங்கள் கட்டடத்தில் ஒரு வீட்டுக்கு அந்தச் செய்தி வந்தது. என் வயதுதான் அவளுக்கு. அவளுடைய ஊரிலிருந்து அண்ணன் வந்து அழைத்துப் போகும்வரை நாங்கள் முறை வைத்து அவளோடு இருந்தோம்.

என் கணவர் சில நாட்கள் கழித்து வீட்டுக்கு வந்தபோது குக்ரியைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறகும் பேசியதில்லை. எங்கள் பிள்ளைகள் கேட்டபோது அவரும் "போனோம், வந்தோம்" என்றுதான் சொன்னார். உங்கள் கேள்வியில் அந்த வார்த்தைகளைப் பார்த்ததால்தான் இவ்வளவும் எழுதினேன்.

அம்மாவிடம் கேளுங்கள்: கடிதத்தை யார் வாசித்தார்கள்? மணியார்டர் யார் பெயருக்கு வந்தது? முதல் சமையலறை எது, அதில் யாரோடு பங்கு? அவர் சொல்லத் தொடங்கினால் அப்பாவும் பக்கத்தில் வந்து உட்காருவார்.


ரைட்டர் பிராஞ்ச் (பதில்):

கொலாபா அம்மா எழுதிய மணியார்டர் விஷயத்தைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நான் மலாடில் உள்ள ஐ.என்.எஸ். ஹம்லாவில் பயிற்சி பெற்று, எழுத்தர் பிரிவில் பணியாற்றியவன். மாலுமிகளின் குடும்ப விவரங்களைப் பதிவு செய்வது எங்கள் வேலைகளில் ஒன்று. திருமணமாகி வருகிறவர்கள் முதலில் மனைவியின் பெயரைப் பதிவு செய்ய வேண்டும், பிறகு நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு அலாட்மென்ட். பலர் முதலாவதை மட்டும் செய்துவிட்டு மற்ற இரண்டையும் "அடுத்த விடுப்புக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிவைப்பார்கள். தந்தையின் பெயரை எடுத்துவிட்டு மனைவியின் பெயரைப் போடுவது தந்தையை அவமதிப்பதாகும் என்று என்னிடம் கண்கலங்கிச் சொன்ன இளைஞர்கள் உண்டு. கப்பல் மூழ்கினால் தந்தி யார் வீட்டுக்குப் போகும் என்பதை அந்த ஒரு வரிதான் தீர்மானிக்கிறது. 1971 டிசம்பருக்குப் பிறகு அந்த வரியை மாற்ற வந்தவர்கள் எங்கள் மேசைக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். யாரும் காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். மாலுமிகளின் பணிப்பதிவுகள் மும்பை மான்குர்தில் சீட்டா கேம்ப்பில் உள்ள மாலுமிகள் பணியகத்தில் பராமரிக்கப்படுகின்றன. அப்பாவின் பணி எண்ணைக் குறிப்பிட்டு, அவரே கையெழுத்திட்டு எழுதினால் நல்லது. நேரடியாக எழுதத் தயக்கம் இருந்தால், உங்கள் மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி கேட்கலாம்.

அதோடு, அவருடைய ஓய்வூதிய ஆணையில் அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் ஆதார் அட்டையில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று இந்த வாரமே பாருங்கள். அந்தக் காலத்தில் ஆங்கிலத்தில் பெயரை எழுதியவர்கள் பெரும்பாலும் தமிழ் தெரியாத என் சக எழுத்தர்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் குடும்ப ஓய்வூதியம் கோரும்போது அம்மாதான் அலைய வேண்டியிருக்கும். அப்பா இருக்கும்போதே திருத்துவது எளிது.


பொருநைக்கரை (கேள்வி எழுப்பியவர்):

மூவருக்கும் என் நன்றியைச் சொல்ல எனக்குச் சொற்கள் போதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை அப்பாவிடம் "உங்களுக்கு எந்த வாட்ச் பிடிக்காது?" என்று மட்டும் கேட்டேன். மிடில் வாட்ச் என்றார். எந்த அறை என்று கேட்டேன். மின்னாக்கி அறை என்று தொடங்கி, விளக்குகள் மங்கினால் முதலில் எதைச் சோதிப்பார்கள் என்பதை மேசையில் விரலால் வரைந்து காட்டினார். அவர் இருந்தது பியாஸ் என்ற கப்பல். விக்ராந்துக்குத் துணையாகச் சென்ற கப்பல்களில் அதுவும் ஒன்று என்று சொன்னார். இரவில் விளக்கு எதுவும் இல்லாமல் அந்தப் பெரிய கப்பலின் நிழல் பக்கவாட்டில் வந்துகொண்டிருக்கும் என்றார். அம்மா சமையலறையிலிருந்து, "அந்தச் சமயத்தில்தான் இரண்டு மாதம் கடிதமே இல்லை" என்றார். அப்பா திரும்பிப் பார்த்து, "எழுதினேன், அனுப்ப முடியவில்லை, எல்லாம் சேர்ந்துதானே வந்தது" என்றார். அதைப் பற்றி அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதை நான் கேட்டது அதுவே முதல் முறை. பிறகு அம்மாவிடம் மணியார்டரைப் பற்றிக் கேட்டேன். அது தாத்தா பெயருக்கே கடைசிவரை வந்திருக்கிறது. தாத்தா ஒவ்வொரு மாதமும் அதில் ஒரு பகுதியை அம்மாவின் கையில் கொடுத்து, எவ்வளவு என்று பாட்டியிடம் சொல்ல வேண்டாம் என்பாராம். தாத்தாவை எனக்குக் கண்டிப்பான மனிதராகத்தான் தெரியும்.

ஓய்வூதிய ஆணையையும் பார்த்தேன். அம்மாவின் பெயரில் ஓர் எழுத்து மாறித்தான் இருக்கிறது. திருத்தத்துக்கான வேலையைத் தொடங்கிவிட்டோம்.

அம்மா கடிதங்களின் மேலுறைப் பக்கத்தை மட்டும் பார்க்க அனுமதித்திருக்கிறார். உள்ளே பிரிக்கக் கூடாது. பலவற்றில் அஞ்சல் முத்திரை அழிந்துவிட்டது, எண்ணும் போடவில்லை. எந்தக் கடிதம் போருக்கு முன், எது பின் என்று பிரிக்காமலே கண்டுபிடிக்க வழி உண்டா?


பாய்லர் ரூம் (பதில்):

மகளே, பியாஸ் என்று படித்ததும் எழுந்து கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். பியாஸும் பிரம்மபுத்ராவும் எங்கள் இருபுறமும் வந்த நாட்களை மறக்க முடியாது. அது டீசல் கப்பல், எங்களுடையது நீராவிக் கப்பல். எங்களுடைய குறைந்த வேகத்துக்காக அவர்கள் தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு கூடவே வந்தார்கள். உங்கள் தந்தையிடம் விக்ராந்தின் ஸ்டோக்கர் ஒருவர் அதற்காக நன்றி சொன்னதாகச் சொல்லுங்கள். அவர் விரும்பினால் இந்தத் தளத்தின் தனிச்செய்தி வழியாகத் தொலைபேசி எண்ணைப் பரிமாறிக்கொள்ளலாம்.

கடிதங்களைப் பொறுத்தவரை ஒரு வழி இருக்கிறது. வங்காள அகதிகளின் நிவாரணத்துக்காக 1971 நவம்பர் 15 முதல் தபால்களுக்கு ஐந்து பைசா கூடுதல் வரி விதித்தார்கள். இன்லண்ட் கடிதத்தில் அச்சிட்ட தபால்தலைக்குப் பக்கத்தில் அகதிகள் நிவாரணம் என்ற சொற்கள் உள்ள ஐந்து பைசா தலை ஒன்று தனியாக ஒட்டப்பட்டிருக்கும். முதலில் குடும்பக்கட்டுப்பாட்டுத் தலையின் மேலேயே அந்தச் சொற்களை அச்சடித்து வெளியிட்டார்கள். அகதிகளின் படம் போட்ட தனித்தலை டிசம்பரில் வந்தது. 1973 மார்ச்சுடன் அந்த வரி முடிந்துவிட்டது. ஆகவே அந்தத் தலை உள்ளவை எல்லாம் இந்த இரண்டு தேதிகளுக்கு இடையில் எழுதப்பட்டவை. மேலச்சு உள்ள தலையாக இருந்தால் போரை ஒட்டிய வாரங்களைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். கப்பலின் தபால் பை வழியாக வராமல் கரையில் உள்ள அஞ்சலகத்தில் போட்ட கடிதங்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். தலைகளை ஈரப்படுத்திப் பிரித்தெடுக்க வேண்டாம், ஒட்டியிருக்கும் நிலையிலேயே கைபேசியில் படம் எடுத்துவிட்டு, கட்டை அம்மாவிடம் அதே வரிசையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.